ரோட்டரி என்ஜின் காரை விரட்டி ஓட்டுதல்: என்ஜினின் ஆயுளைக் காக்கும் வேலை ஒழுங்கு

இந்த வழிகாட்டி மஸ்டா ஆர்எக்ஸ்-8 வைத்திருப்பவர்களுக்காக எழுதப்பட்டது. இதன் ரோட்டரி என்ஜினில் பிஸ்டனுக்குப் பதிலாக ரோட்டர் எனப்படும் முக்கோண வடிவத் துண்டு, ஹவுசிங் எனப்படும் கூட்டுக்குள் சுழல்கிறது. அதிலும் ஆறு கியர் கொண்ட, நிமிடத்திற்கு 9,000 சுற்றில் சிவப்புக் கோடு, அதாவது என்ஜின் தாண்டக்கூடாத எல்லை, தொடங்கும் வகையையே உதாரணமாக எடுத்திருக்கிறேன். டர்போ பூட்டிய ஆர்எக்ஸ்-7 வைத்திருப்பவர்களுக்கு ஏழாம் பகுதியின் இறுதியில் தனியான எச்சரிக்கை உண்டு. ஏனைய படிகள் இரண்டுக்கும் பெரும்பாலும் பொதுவானவை.

திருகோணமலையில் இந்தக் கார்கள் மிகக் குறைவு. அவற்றைப் பழக்கமாகத் திறந்து பார்க்கும் கராஜ்கள் அதனிலும் குறைவு. ஆகவே ஒருவர் காரை வாங்கியதும் இரண்டு விதமான அறிவுரைகள் அவரைத் தேடி வருகின்றன. ஒன்று, பொத்திப் பொத்தி ஓட்டு என்பது. மற்றது, இது விரட்டுவதற்கென்றே செய்த என்ஜின், ஏறியவுடன் மிதி என்பது. இரண்டையும் கேட்டு நடந்தவர்களின் என்ஜின்களை நான் பார்த்திருக்கிறேன். முதலாமவரின் என்ஜினில் கரி பிடித்து, ரோட்டரின் விளிம்புகளில் வாயு கசியாமல் அடைக்கும் சீல்கள் அசையாமல் இறுகியிருந்தன. இரண்டாமவரின் என்ஜின் குளிராக இருக்கும்போதே விரட்டப்பட்டுத் தேய்ந்திருந்தது. இந்த என்ஜினைக் கெடுப்பது அதிக சுற்று அன்று. வெப்பம், ஒயில் குறைவு, வலுவற்ற தீப்பொறி, இவற்றைக் கவனியாமல் மிதிப்பது ஆகியவையே கெடுக்கின்றன. ஆதலால் கீழுள்ள படிகளின் ஒழுங்கை மாற்றாதீர்கள்.

1. கையில் இருக்கவேண்டியவை

காரின் கணினியோடு இணைந்து கைபேசியில் நீரின் வெப்பநிலையை இலக்கத்தில் காட்டும் ஒரு சிறிய ஓபிடி கருவி, முழுதாகச் சார்ஜ் ஏறிய பற்றரி, ஒரு லீற்றர் என்ஜின் ஒயில், மில்லிலீற்றர் கோடிட்ட ஓர் அளவுக் குவளை, ஒரு கொப்பி, ஒரு பேனை. கொப்பியைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. ஒன்பதாம் பகுதிவரை பொறுத்திருங்கள்.

2. முதலில் கொம்பிரஷனை அளந்துகொள்ளுங்கள்

கொம்பிரஷன் என்பது என்ஜினுக்குள் காற்று அழுத்தப்படும் அளவு; சீல்கள் தளர்ந்தால் அது குறையும். ஏற்கெனவே தளர்ந்துபோன என்ஜினை விரட்டினால், எஞ்சியிருக்கும் கொஞ்ச ஆயுளும் விரைவில் முடிந்துவிடும். அதற்குப் புதிய பிளக், புதிய றேடியேற்றர் என்று செலவழித்த பிறகு இதை அறிவதைவிட, செலவுக்கு முன் அறிவதே நல்லது. அதனாலேயே இது முதற் படி.

பிஸ்டன் என்ஜினுக்குப் பயன்படும் சாதாரண மீற்றர் இங்கே பொய் சொல்லும். ஒவ்வொரு ரோட்டருக்கும் மூன்று பக்கங்கள் உண்டு. மூன்றுக்கும் தனித்தனி அளவு வேண்டும். சாதாரண மீற்றரோ மூன்றில் மிக உயர்ந்ததை மட்டும் பிடித்துவைத்துக் காட்டும். ஒரு பக்கத்தின் சீல் உடைந்திருந்தாலும் முள் நல்ல இடத்தில் நிற்கும். ரோட்டரிக்கென்று செய்த அளவுகருவி கொழும்பில் இருக்கும் ஒருவரிடமாவது கிடைக்குமானால், பயணச் செலவைப் பாராமல் ஒருமுறை அளந்து வாருங்கள்.

ஆர்எக்ஸ்-8இன் என்ஜினுக்கு மஸ்டா கொடுத்திருக்கும் அளவு, ஸ்டாட்டர் நிமிடத்திற்கு 250 சுற்றில் சுழற்றும்போது 830 கிலோபஸ்கால். 680க்குக் கீழே இறங்கினால் என்ஜின் திறக்கவேண்டிய நிலையில் இருக்கிறது. ஒரே ரோட்டரின் மூன்று பக்கங்களுக்கு இடையே 150க்கு மேலும், இரண்டு ரோட்டர்களுக்கு இடையே 100க்கு மேலும் வேறுபாடு இருக்கலாகாது. என்ஜின் நன்கு சூடேறியிருக்கவேண்டும், அக்ஸிலேற்றர் முழுதாக மிதிபட்டிருக்கவேண்டும், பற்றரி வலுவாக இருக்கவேண்டும். ஸ்டாட்டர் சோம்பலாகச் சுழன்றால் நல்ல என்ஜினும் கெட்டது போலத் தெரியும்.

அந்தக் கருவி கிடைக்காவிட்டால் ஒரு மாற்று வழி உண்டு. சாதாரண மீற்றரின் முனையிலுள்ள வால்வைக் கழற்றிவிட்டு, பெற்றோலையும் தீப்பொறியையும் துண்டித்து, ஒரு ரோட்டரின் ஒரு பிளக் துளையில் மீற்றரைப் பூட்டிச் சுழற்றினால், முள் மூன்று மூன்றாகத் துள்ளும். அதைக் கைபேசியில் மெதுவோட்டமாகப் படம்பிடித்துப் பாருங்கள். இலக்கத்தை நம்பக்கூடாது, ஆனால் மூன்று துள்ளல்களும் ஒரே உயரமா என்பதை நம்பலாம். இரண்டு உயர்ந்து ஒன்று தாழ்ந்தால் இந்த வழிகாட்டியின் மீதிப் பகுதி இப்போதைக்கு உங்களுக்குத் தேவைப்படாது.

என்ஜினைப் புதிதாகத் திறந்து பூட்டியவர்கள் முதல் 1,500 கிலோமீற்றர்வரை 4,000 சுற்றைத் தாண்டாமல் ஓட்டவேண்டும். புதிய சீல்கள் ஹவுசிங்கின் பரப்போடு பொருந்தி உட்கார அந்தத் தூரம் வேண்டும்.

3. தீப்பொறி

ஒவ்வொரு ரோட்டருக்கும் இரண்டு வீதம் மொத்தம் நான்கு பிளக்குகள். நான்குக்கும் தனித்தனிக் கொயில். ஒரு கொயில் வலுவிழந்தாலும் மற்றப் பிளக் பற்றவைத்துவிடுவதால் கார் ஓடிக்கொண்டேயிருக்கும். ஓட்டுபவருக்கு இழுவை சற்றுக் குறைந்ததாக மட்டும் தோன்றும். ஆனால் எரியாத பெற்றோல் வெளியேற்றக் குழாய்க்குள் போய், அங்கு புகையைச் சுத்திகரிக்கும் கற்றலிற்றிக் கொன்வேர்ட்டரில் எரிகிறது. அது உருகி அடைபட்டால் சூடான புகை வெளியேற வழியின்றி என்ஜினுக்குள்ளேயே தேங்குகிறது. ஐந்தாறு மாதங்களுக்குப் பிறகு சீல் போய்விட்டது என்று ஒருவர் வருவார். அதன் தொடக்கம் ஒரு கொயிலாக இருக்கும்.

கொயில்களை 50,000 கிலோமீற்றர் அளவில், கெட்டதா இல்லையா என்று பாராமல் நான்கையும் சேர்த்து மாற்றுவது என் வழக்கம். விரட்டி ஓட்டும் காரில் பிளக்குகளை 30,000 அளவிலேயே மாற்றிவிடுகிறேன். கடற்கரையோரம் நிற்கும் கார்களில் கொயில் இணைப்பு முனைகள் உப்புக் காற்றில் பச்சை பூக்கும். ஆண்டுக்கு இருமுறையாவது கழற்றித் துடைத்துப் பூட்டுங்கள்.

பிளக்குகளை அடைய இடது முன்சில்லைக் கழற்றுவதே இலகு. என்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும் கழற்றுங்கள், ஏனெனில் மரை அலுமினியத்தில் வெட்டப்பட்டது. சூட்டில் திருகினால் மரையும் சேர்ந்து வரும். கீழே இருப்பது லீடிங், மேலே இருப்பது ட்ரெய்லிங். இரண்டும் வெவ்வேறு வெப்பத் தரம் கொண்டவை, ஒன்றின் இடத்தில் மற்றதைப் போடக்கூடாது. கடைக்காரர் நான்கையும் ஒரே எண்ணில் தந்தால் வாங்காதீர்கள்.

4. நீர்

இந்தப் பகுதியை நிதானமாக வாசியுங்கள். திருகோணமலையில் இந்த என்ஜின்கள் சாவது பெரும்பாலும் இங்கேதான்.

என்ஜினின் கட்டமைப்பை நினைத்துப் பாருங்கள். இரண்டு அலுமினிய ஹவுசிங்குகள், அவற்றுக்கு இடையிலும் இரு பக்கங்களிலும் வார்ப்பிரும்புத் தட்டுகள், எல்லாவற்றையும் ஊடுருவி இறுக்கும் நீண்ட போல்ட்டுகள், நீர் ஒழுகாதிருக்கத் தட்டுகளுக்கு இடையே மெல்லிய சீல் வளையங்கள். அலுமினியமும் இரும்பும் ஒரே சூட்டில் ஒரே அளவு விரிவதில்லை. மேலும், இந்த என்ஜினில் எரிதல் எப்போதும் ஒரே பக்கத்திலும், குளிர்ந்த காற்று நுழைதல் எப்போதும் மறுபக்கத்திலும் நடைபெறுவதால், ஒரு பக்கம் அடுப்பாகவும் மறுபக்கம் நிழலாகவும் இருக்கிறது. அளவான வெப்பத்தில் இந்த வேறுபாட்டை அது தாங்கிக்கொள்ளும். ஒருமுறை மிகையாகக் கொதித்தால் ஹவுசிங் வளைந்து, வளையம் நசுங்கி, நீர் உள்ளே கசியத் தொடங்கும். பிஸ்டன் என்ஜினைப் போல ஹெட்டைக் கழற்றிக் காஸ்கெற் மாற்றி ஓட்டிவிட முடியாது. முழு என்ஜினையும் இறக்கித் திறக்கவேண்டும்.

காரின் சொந்த வெப்பமானியை நம்பாதீர்கள். அதன் முள் மிக அகன்ற வெப்ப எல்லை முழுவதும் அசையாமல் நடுவிலேயே நிற்கும்படி அமைக்கப்பட்டது. அது அசையும்போது காலம் கடந்திருக்கும். ஆர்எக்ஸ்-8இன் முதல் வரிசைக் கார்களிலுள்ள ஒயில் அமுக்க மானியும் உண்மையான அளவைக் காட்டுவதில்லை, அமுக்கம் இருக்கிறது என்று மட்டுமே சொல்கிறது. ஆகவே ஓபிடி கருவியில் வரும் இலக்கத்தையே பாருங்கள். சாதாரண ஓட்டத்தில் 82இலிருந்து 95 பாகை செல்சியஸ்வரை இருக்கும். நெரிசலில் 100ஐத் தொட்டு, விசிறி சுழன்றதும் இறங்கும். 105ஐத் தாண்டினால் விரட்டுவதை அந்த நொடியே நிறுத்தவேண்டும். 110ஐ நெருங்கினால் ஹீற்றரை முழுச் சூட்டில் திறந்துவிட்டு, ஓரங்கட்டுவதற்கு இடம் தேடுங்கள். ஹீற்றரும் ஒரு சிறிய றேடியேற்றர்தான். உங்களுக்கு வியர்க்கும், என்ஜின் பிழைக்கும்.

விரட்டுவதற்கு முன் பார்க்கவேண்டியவை இவை. நீர்த் தாங்கி பிளாஸ்ரிக்கால் ஆனது, அமுக்கத்தில் இயங்குவது. பல ஆண்டுகளில் மஞ்சளாகிக் கீழ்விளிம்பில் நூலளவு வெடிக்கும். அதற்குள் இருக்கும் மட்டம் காட்டும் மிதவையும் பழுதாகிப் பொய்யாக எரியும், அல்லது எரியாமலே இருக்கும். தாங்கியையும் மூடியையும் ஒன்றாக மாற்றிவிடுங்கள். அடுத்து முன்பம்பரின் வாய்களுக்குள் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் ஓடும் கார்களில் மணலும் பூச்சியும் சேர்ந்து றேடியேற்றரின் இதழ்களை அடைத்திருக்கும். பின்பக்கத்திலிருந்து மெதுவான நீரால் கழுவவேண்டும். அமுக்கம் கூடிய நீர் இதழ்களை மடக்கிவிடும்.

கிணற்று நீர் ஊற்றவே கூடாது. நம் கரையோரக் கிணறுகளில் பலவற்றின் நீர் உவர். அது அலுமினியத்தை உள்ளிருந்து தின்னும். கூலன்ரும் வடிநீரும் பாதிக்குப் பாதி கலந்த கலவை மட்டுமே.

மூதூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி தன் காரை இழுத்துக்கொண்டு வந்தார். முள் கடைசிவரை நடுவிலேயே நின்றதாகச் சொன்னார், அது உண்மையாகவே இருந்திருக்கும். தாங்கி வெடித்து நீர் முழுவதும் போனபின், உணரி நீரில் அல்லாமல் வெறும் ஆவியில் நின்றிருக்கிறது. ஆகவே இலக்கம் திடீரெனக் காரணமின்றி *குறைந்தாலும்* நிறுத்திப் பாருங்கள்.

5. ஒயில்

ரோட்டரின் உட்புறத்தைக் குளிர்விப்பது நீர் அன்று, ஒயில். அதோடு, ரோட்டரின் மூன்று முனைகளிலும் உள்ள ஏபெக்ஸ் சீல்கள் ஹவுசிங்கில் உரசும் இடத்தை நனைப்பதற்காக ஒரு சிறிய பம்ப் என்ஜின் ஒயிலைச் சிறிது சிறிதாக எரியறைக்குள் செலுத்திக்கொண்டேயிருக்கிறது. எனவே ஒயில் குறைவது நோய் அன்று. 1,000 கிலோமீற்றருக்குச் சில நூறு மில்லிலீற்றர் குறையவேண்டும். குறையாமல் இருந்தால்தான் அந்தப் பம்ப் வேலை செய்கிறதா என்று தேடவேண்டும். புதியவர்கள் இதைத் தலைகீழாக எடுத்துக்கொள்கிறார்கள்: ஒயில் குடிக்காத கார் நல்ல கார் என்று கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

ஒவ்வொரு முறை பெற்றோல் நிரப்பும்போதும் ஒயில் அளவைப் பாருங்கள். விரட்டும் நாளன்று அளவு மேற்கோட்டுக்கு அருகே இருக்கவேண்டும், ஏனெனில் வளைவுகளில் ஒயில் ஒரு பக்கம் ஒதுங்கும்போது பாதியளவே ஒயில் உள்ள அடித்தொட்டி பம்புக்குக் காற்றைக் கொடுக்கும். மேற்கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் பிழை. மிகுதி ஒயில் காற்று நுழையும் குழாய்க்குள் போய்ச் சேரும். 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை ஒயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள்.

அடுத்தது பெற்றோலோடு 2ரி ஒயில், அதாவது டூ-ஸ்ட்ரோக் என்ஜின்களுக்கான ஒயில், கலப்பது. என்ஜின் ஒயில் எரிவதற்காகச் செய்யப்பட்டதன்று. 2ரி ஒயில் எரிவதற்கென்றே செய்யப்பட்டது, சாம்பலைக் குறைவாக விடுகிறது. லீற்றருக்கு 5 மில்லிலீற்றர், அதாவது 40 லீற்றருக்கு 200 மில்லிலீற்றர், இருநூறுக்கு ஒன்று என்ற கணக்கு. முதலில் ஒயிலை ஊற்றி, அதன் மேல் பெற்றோலை அடிக்கச் சொல்லுங்கள்; அப்போதுதான் கலங்கிச் சேரும். இது ஒயில் பம்புக்கு மாற்று அன்று, துணை. பம்பைக் கழற்றிவிட்டு இதை மட்டும் நம்புவது பந்தயக்காரர்களின் வேலை. கலக்க மறந்த ஒரு நாள் போதும்.

நம் ஊரில் 2ரி ஒயிலுக்குப் பஞ்சமில்லை, மீன்பிடிப் படகு என்ஜின்களுக்காக எங்கும் கிடைக்கும். ஆனால் போத்தலில் உள்ள தரத்தைப் பாருங்கள். நீரால் குளிரும் படகு என்ஜின்களுக்கான ஒயில் வேறு. நமக்கு ஜாசோ என்ற ஜப்பானியத் தரக்குறியோடு எஃப்சி அல்லது எஃப்டி என்று அச்சிட்டது வேண்டும். அதைவிட முக்கியம், படகுக்காரரிடம் புனலும் குவளையும் இரவல் வாங்காதீர்கள். அவற்றில் மண்ணெண்ணெய் ஒட்டியிருக்கும்; மண்ணெண்ணெய் பெற்றோலின் ஒக்டேனை, அதாவது நேரத்துக்கு முந்தி வெடிக்காமல் தாங்கும் அளவை, கீழே இழுக்கும்.

பெற்றோல் 95 ஒக்டேன் மட்டும். 92 ஊற்றி மெதுவாக ஓட்டி வீடு சேரலாம், விரட்டலாகாது.

6. சூடாக்குதல்

காலை ஐந்தரைக்கும் ஏழரைக்கும் இடையில் புறப்படுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பிற்பகலில் வெளிக்காற்றே 35 பாகையைத் தாண்டி, காய்ந்து, அனலாக அடிக்கும். அந்த நேரத்தில் இந்தக் காரை விரட்டுவதற்கு நான் எவருக்கும் சம்மதம் சொல்லமாட்டேன்.

ஸ்டாட் செய்ததும் சுற்று உயர்ந்து நிற்கும், காற்றுப் பம்பின் இரைச்சல் கேட்கும். அது அடங்கும்வரை அரை நிமிடமளவு பொறுத்து, உடனே ஓட்டத் தொடங்குங்கள். நிறுத்திவைத்துப் பத்து நிமிடம் உறுமவிடுவது பயனற்றது. சும்மா நிற்கும் என்ஜின் மெதுவாகச் சூடேறுகிறது, அதற்குள் தேவைக்கு மிஞ்சிய பெற்றோல் ஹவுசிங்கின் சுவரிலுள்ள ஒயில் படலத்தைக் கழுவிவிடுகிறது.

4,000 சுற்றுக்குள், மென்மையான மிதியோடு ஓட்டுங்கள். நீர் 80 பாகையைத் தொடுவதோடு சூடாக்குதல் முடிந்துவிட்டது என்று எண்ணுவதே மிகப் பரவலான தவறு. ஒயில் நீரைவிடப் பிந்தியே சூடேறும். ரோட்டரைக் குளிர்விப்பதும் பெயாரிங்குகளைக் காப்பதும் அந்த ஒயில். நீர் 80ஐத் தொட்டபின் மேலும் பத்து நிமிடம் கொடுங்கள். உவர்மலையிலிருந்து புறப்பட்டுக் கந்தளாய் வீதியில் போகிறவருக்குத் தம்பலகாமம் சந்தி வரும்போது காலம் சரியாக இருக்கும். நகருக்குள் எப்படியும் மெதுவாகத்தான் போகவேண்டும், விடியலில் மான்கள் வீதியைத் தங்களுடையதாக நினைத்து நிற்கும். ஆர்எக்ஸ்-8இன் இரண்டாம் வரிசைக் காரில் சுற்றுமானியின் சிவப்பு எல்லை குளிரில் தாழ்ந்து தோன்றி, சூடேற ஏற உயரும்; மஸ்டாவே சொல்லும் அறிவுரை அது.

குளிர்ந்த என்ஜினை ஸ்டாட் செய்து உடனே நிறுத்தவே கூடாது. இன்னொரு வாகனத்துக்கு வழிவிட முற்றத்தில் இரண்டு அடி நகர்த்திவிட்டு நிறுத்துவது வீடுகளில் அன்றாடம் நடப்பது. எரியாத பெற்றோல் உள்ளே தேங்கிப் பிளக்குகள் நனைந்து, அடுத்த முறை கார் எழும்பாது. நகர்த்தியே ஆகவேண்டுமானால் தள்ளுங்கள், அல்லது ஒரு சுற்றுப் போய்ச் சூடாக்கி வாருங்கள். எழும்பாமல் போய்விட்டால், அக்ஸிலேற்றரை அடிவரை மிதித்துக்கொண்டு பத்துச் செக்கன் சுழற்றுங்கள். அந்த நிலையில் கணினி பெற்றோலை நிறுத்திவிடும், உள்ளே தேங்கியது வெளியேறும். ஸ்டாட்டரை ஆறவிட்டு மீண்டும் செய்யுங்கள்.

7. விரட்டும் ஓட்டம்

ஏன் விரட்டவேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மெதுவான ஓட்டத்தில் கரி சேர்கிறது. அது சீல்கள் உட்காரும் காடிகளில் இறுகி, சீல்கள் வெளியே தள்ளி ஹவுசிங்கைத் தொடுவதைத் தடுக்கிறது. அதிக சுற்றில் வெப்பமும் காற்றோட்டமும் அந்தக் கரியை எரித்துத் தள்ளுகின்றன. மேலும், இந்த வகை என்ஜினில் கூடுதல் காற்று வாய்களைத் திறக்கும் வால்வுகள் சுமார் 6,250 சுற்றில்தான் அசைகின்றன. அந்தச் சுற்றையே காணாத காரில் அவை கரியில் ஒட்டி இறுகிவிடும். சுற்றுமானி 9,000 காட்டும்போது ரோட்டர் சுழல்வது அதன் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 3,000 மட்டுமே. மேலும் கீழும் உதறும் பிஸ்டனும் வால்வும் இதில் இல்லை. ஆகவே, சூடேறிய, ஒயில் நிறைந்த என்ஜினுக்கு 9,000 ஒரு தண்டனை அன்று.

இனி எங்கே, எப்படி என்பது. நகரங்களில் 50, வெளியே 70 கிலோமீற்றர் என்பது சட்டம். இதைச் சொன்னதும் புதியவர்கள் சோர்ந்துபோவார்கள், ஆனால் கணக்குப் பார்த்தவர்கள் சோர்வதில்லை. முதற் கியரில் 9,000 சுற்றென்பது சுமார் 65 கிலோமீற்றர் வேகமே. இரண்டாம் கியரில் அதே சுற்று சுமார் 108ஐத் தொட்டுவிடும். 70இல் இரண்டாம் கியர் 5,800, மூன்றாம் கியர் 4,200, ஆறாம் கியர் 2,150. ஆக, கூடுதல் வாய்களைத் திறந்து, சிவப்புக் கோடுவரை போய், சட்டத்தையும் மீறாமலிருக்க நமக்கு இருக்கும் இடம் முதற் கியர். வெளி வீதியில், பின்னும் முன்னும் வெறுமையாக இருக்கும்போது, உருளும் நிலையில் 3,500 சுற்றிலிருந்து முழுதாக மிதித்து, எச்சரிக்கை ஒலி கேட்டதும் இரண்டாம் கியருக்கு மாற்றுங்கள். இரண்டு மூன்று நிமிட இடைவெளி விட்டு மீண்டும். காலையில் நான்கைந்து தடவை போதும். இடைவெளியில் வெப்பநிலையைப் பாருங்கள். முந்திய தடவையைவிட உயர்ந்து, இறங்காமல் நின்றால் அன்றைய வேலை முடிந்தது. மீதி நேரத்தில் மூன்றாம் கியரில் 4,000 சுற்றில் ஓடுவதுகூடக் கரிக்கு எதிரான வேலைதான்.

கந்தளாயைத் தாண்டி ஹபரணைப் பக்கம் இதைச் செய்யாதீர்கள். அது யானை குறுக்கிடும் வீதி. இதனிலும் வேகம் வேண்டுமென்றால் கட்டுக்குருந்த போன்ற ஓட்டத் திடலுக்குப் போகவேண்டும்.

என்ஜினைக் கெடுக்கும் மூன்று பிழைகளை இந்தப் படியில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

முதலாவது, உயர்ந்த கியரில் தாழ்ந்த சுற்றில் முழுதாக மிதிப்பது. ஆறாம் கியரில் 2,000 சுற்றில் போய்க்கொண்டிருந்தவர், முன்னால் போகும் பேருந்தைக் கடக்கக் கியரைக் குறைக்காமல் அடிவரை மிதிக்கிறார். சத்தம் குறைவாக இருப்பதால் என்ஜினுக்கு இதமாக இருக்கும் என்பது அவர் எண்ணம். சுமை முழுதும் இருக்கிறது, சுற்றோ இல்லை; வெப்பம் ஒரே இடத்தில் நெடுநேரம் தங்குகிறது, சீல் இடையே கசிவு கூடுகிறது, கரியும் சேர்கிறது. 3,000க்குக் கீழே முழு மிதி வேண்டாம். முதலில் கியரைக் குறையுங்கள்.

இரண்டாவது, கியர் தவறுவது. 70இல் இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகவேண்டிய கை அவசரத்தில் முதற் கியரில் விழுந்தால், சில்லுகள் என்ஜினை 9,600 சுற்றுக்கு இழுத்துச் செல்லும். மிதியால் சுற்று ஏறும்போது கணினி பெற்றோலை வெட்டிக் காக்கும். சில்லுகள் இழுக்கும்போது அதனால் ஒன்றும் செய்யமுடியாது. அந்தச் சுற்றில் நடுத்தண்டு வளைந்து, ரோட்டர் பக்கத் தட்டில் உரசக்கூடும். இந்தக் காரில் வேகமாகக் கியர் மாற்றுவதால் கிடைக்கும் அரைச் செக்கனுக்கு நம் வீதிகளில் எந்தப் பயனும் இல்லை.

மூன்றாவது, கணினி பெற்றோலை வெட்டும் எல்லையில் வைத்து அடித்துக்கொண்டே இருப்பது. திருமண ஊர்வலத்திலும் தேர்தல் காலத்திலும் இதைக் கேட்டிருக்கிறேன். காற்றோட்டம் இல்லாமல் நின்ற இடத்தில் 9,000 சுற்று, வெளியேற்றக் குழாயில் எரியும் பெற்றோல். இதற்கு விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

ஆர்எக்ஸ்-7 வைத்திருப்பவர்களுக்கு: உங்கள் டர்போ என்ஜின் ஜப்பானில் விற்கப்படும் ஏறக்குறைய 100 ஒக்டேன் பெற்றோலை நினைத்து அமைக்கப்பட்டது. 95இல், சூடான காற்றில், டர்போவின் அமுக்கத்தைத் தொழிற்சாலை அளவுக்கு மேலே ஏற்றினால், பெற்றோல் நேரத்துக்கு முந்தி வெடிக்கும். பிஸ்டன் என்ஜின் அப்படி வெடிப்பதைச் சில தடவை பொறுத்துக்கொள்ளும். இங்கே ஒரே வெடிப்பில் ஏபெக்ஸ் சீல் உடைந்து, அதன் துண்டு ஹவுசிங்கைக் கீறி, டர்போவின் இறகுகளையும் உடைத்துக்கொண்டு வெளியேறலாம். அமுக்கத்தைத் தொடாதீர்கள், மாற்றியமைத்த காரை வாங்கியிருந்தால், முதலில் பழைய அளவுக்குத் திருப்புங்கள்.

8. ஆறவிடுதல்

விரட்டிவிட்டு நேரே வீட்டு வாசலில் நிறுத்துவது, சூடாக்காமல் விரட்டுவதற்கு அடுத்த பிழை. நிறுத்தியதும் நீரும் ஒயிலும் ஓடுவது நின்றுவிடும். ஆனால் ஹவுசிங்கின் எரிபக்கத்தில் உள்ள வெப்பம் போக இடமின்றித் தேங்கி, அருகிலுள்ள நீரைக் கொதிக்கவைத்து, சீல் வளையங்களைச் சுடும்.

கடைசி ஏழெட்டுக் கிலோமீற்றரை 3,000 சுற்றளவில் மென்மையாக ஓட்டுங்கள். நின்று ஆறுவதைவிட ஓடி ஆறுவது நல்லது, ஏனெனில் றேடியேற்றருக்கும் ஒயில் கூலருக்கும் காற்று கிடைக்கும். வந்து நின்றபின் நீர் 95க்குக் கீழே வந்ததைப் பார்த்து நிறுத்துங்கள்.

காய்ந்த புல்லின் மேல் நிறுத்தவேண்டாம். இந்த என்ஜினின் வெளியேற்றப் புகை பிஸ்டன் என்ஜினுடையதைவிடச் சூடானது. ஓடிவந்த காரின் அடிக்குழாய் ஆவணி மாதத்துப் புல்லைப் பற்றவைக்கும். நீர்த் தாங்கியின் மூடியை அன்று மாலைவரை தொடாதீர்கள்.

9. ஓட்டத்தின் பின் பார்ப்பதும் எழுதுவதும்

நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து, சூடாக இருக்கும் நிலையிலேயே ஒருமுறை ஸ்டாட் செய்யுங்கள். எழும்புவதற்கு எத்தனை செக்கன் ஸ்டாட்டர் சுழல்கிறது என்பதை எண்ணுங்கள். இதுதான் கொப்பியில் எழுதவேண்டிய முதல் இலக்கம். சீல்கள் தளரத் தொடங்கியதை முதலில் காட்டுவது இழுவைக் குறைவு அன்று, சூட்டில் எழும்பத் தயங்குவது. ஒயில் மெலிந்து, சீல் இடைவெளி விரிந்த அந்த நிலையில்தான் குறை வெளிப்படும். இன்று ஒரு செக்கன், அடுத்த மாதம் இரண்டு, அதற்கடுத்த மாதம் நான்கு என்று ஏறினால், விரட்டுவதை நிறுத்திவிட்டு இரண்டாம் பகுதிக்குத் திரும்பிக் கொம்பிரஷனை அளவுங்கள். எழுதாதவர்களுக்கு இந்த ஏற்றம் தெரியாது. அவர்கள் ஸ்டாட்டரையும் பற்றரியையும் மாற்றிக்கொண்டிருப்பார்கள். வலுவான ஸ்டாட்டர் நோயைச் சில மாதம் மறைத்தும்விடும்.

அதன்பின் காரைச் சமதரையில் நிறுத்தி, ஐந்து நிமிடம் விட்டு, ஒயில் அளவைப் பாருங்கள். எவ்வளவு ஊற்றினீர்கள், எத்தனையாவது கிலோமீற்றரில் என்பதை எழுதுங்கள். அன்றைய மிக உயர்ந்த நீர் வெப்பநிலையையும் வெளிக்காற்று எப்படி இருந்தது என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். ஒரே வீதியில், ஒரே நேரத்தில், ஒரே ஓட்டத்துக்கு வெப்பநிலை மாதத்துக்கு மாதம் ஏறினால் றேடியேற்றர் அடைபடுகிறது.

மறுநாள் காலை, என்ஜினைத் தொடுமுன், நீர்த் தாங்கியின் மட்டத்தை நேற்று ஓடுமுன் இருந்த கோட்டோடு ஒப்பிடுங்கள். ஒரு விரலளவு குறைந்து, தரையில் ஈரம் இல்லையென்றால், நீர் என்ஜினுக்குள் போயிருக்கிறது என்றே சந்தேகிக்கவேண்டும். அப்போது ஸ்டாட் செய்து பின்புறம் போய் நில்லுங்கள். ஈரப்பதன் நிறைந்த காலையில் மெல்லிய ஆவி எல்லாக் காரிலும் வரும். அது ஓரிரு நிமிடத்தில் மறையும். இனிப்பு வாடையோடு வெண்புகை தொடர்ந்து வந்தால் என்ஜினை நிறுத்திவிட்டு, காரைப் பாரவண்டியில் ஏற்றிக் கராஜுக்கு அனுப்புங்கள், ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.